கமலவேணி எண்ணிய ஆறுகால் நட்சத்திரங்கள்

கமலவேணிக்குப் படகு என்றால் தலை சுற்றும். நீச்சல் தெரியாது. தண்ணீர் முழங்காலைத் தொட்டால் திரும்பிவிடுவாள். கடலைப் பற்றி அவள் அறிந்ததெல்லாம் கடல் விலகிப்போயிருந்த நேரங்களில் அறிந்ததுதான்.

மலாக்காவில் காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்பை ஒட்டிய சந்தில், ஒரு பலகை வீட்டில் அவளும் கணவன் நல்லையாவும் குடியிருந்தார்கள். இருவருடைய பெற்றோரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இவர்கள் பிறந்தது மலாயாவில். நல்லையா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டரைப் போல நடந்துகொள்வது எல்லாம் அவன் வேலை. கமலவேணி பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்கைப் பாடம் நடத்தினாள். குழந்தைகள் இல்லை.

ஜப்பான் சண்டை வருவதற்கு முந்தின வருடம், வகுப்பு அலமாரிக்குச் சிப்பியும் நண்டு ஓடும் சேர்ப்பதற்காக லிம்போங்கான் கரைக்குப் போயிருந்தாள். நீர் வற்றிக் கிடந்தது. ஒரு கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த கடற்பஞ்சைப் பிய்த்தபோது உள்ளே ஏதோ நெளிந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத வட்ட உடல். அதிலிருந்து பாம்பு வால்போல மெல்லிய கால்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருந்தன. எடுக்கப் போனாள், ஒரு கால் ஒடிந்து விரலோடு வந்துவிட்டது. ஒடிந்த பிறகும் அது நெளிந்தது.

வீட்டில் இங்கிலாந்துக் கடற்கரையைப் பற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. அதில் இதன் உறவுகளின் படங்கள் இருந்தன. நட்சத்திர மீனின் இனம்; ஆனால் ஒல்லி, வேகம், தொட்டால் காலை ஒடித்துப் போட்டுவிட்டுத் தப்பும். பிரிட்டில் ஸ்டார் என்று பெயர். தமிழில் என்ன பெயரென்று சொல்ல ஆளில்லை. அவளே ‘ஒடிகால் நட்சத்திரம்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்று மட்டும் இடித்தது. புத்தகத்திலிருந்த அத்தனைக்கும் ஐந்து கால்கள். அவள் கண்டதற்கு, ஒடிந்ததையும் சேர்த்து, ஆறு.

ஊனமாகப் பிறந்த ஒன்று என்று அன்றைக்கு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. அடுத்த அமாவாசைக்குப் போய் இன்னும் பன்னிரண்டைப் பிடித்தாள். பதினொன்றுக்கு ஆறு கால். அந்தப் பதினொன்றில் ஏழுக்கு மூன்று கால் நீளம், மூன்று கால் குட்டை.

அங்கிருந்துதான் ஆரம்பித்தது. கைக்கண்ணாடி வைத்துப் பார்த்து அடையாளங்களை எழுதினாள். உடலின் மேல் சிறு முட்கள். ஒவ்வொரு காலும் உடலோடு சேரும் இடத்தில் பெரிய ஓட்டுத் துண்டுகள், இரண்டிரண்டாக. இந்த அடையாளங்கள் பொருந்தாத எதையும் அவள் எண்ணிக்கையில் சேர்க்கமாட்டாள். பிறகு, எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். தஞ்சோங் கிளிங்கிலிருந்து பண்டார் ஹிலிர் கடற்சுவர் தாண்டி ஊஜோங் பாசிர் வரை கரையைப் பதினான்கு துண்டாகப் பிரித்தாள். ஒரு துண்டில் முப்பது பஞ்சுக் கட்டிகளைப் பிய்த்துப் பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக்கூடாது என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

“ஒண்டைக் கண்டால் இருக்கெண்டு எழுதலாம். இல்லையெண்டு எழுதத்தான் பாடுபட வேணும்” என்று நல்லையாவிடம் சொன்னாள்.

“பாடுபட்டுக் கடைசியில இல்லையெண்டு எழுதிறதுக்கு நீர் ஏன் போறீர்?” என்றான் அவன்.

ஜப்பான்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம் சில மாதம் மூடிக் கிடந்து மறுபடி திறந்தபோது இயற்கைப் பாடம் இல்லை. கமலவேணி தானே முதல்நாள் இரவு மனப்பாடம் செய்த ஜப்பான் பாட்டை மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொன்னார்கள். டோக்கியோவில் மணி என்னவோ மலாக்காவிலும் அதுதான். அரிசி குறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. ஊர்ப் பெண்கள் நீர் வற்றும் நேரத்தில் கரைக்குப் போய்ச் சிப்பி பொறுக்கினார்கள். அதனால் கமலவேணி கூடையோடு கரைக்குப் போவது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட அடிக்கடி போனாள். பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிந்துவிடும்.

கூட வந்தவள் பக்கத்து வீட்டு மீனாச்சி. கம்போங் செட்டிக்காரி, நெற்றியில் திருநீறு, உடுத்துவது சாரோங், பேசுவது மலாய். தமிழில் சாமி பெயர்களும் சில சொற்களும்தான் தெரியும். முதல் நாள் கமலவேணியின் உள்ளங்கையை எட்டிப் பார்த்துவிட்டு, “நி பினாத்தாங் காக்கி எனாம்!” என்றாள். இந்தப் பிராணிக்கு ஆறு கால்! தின்ன முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியாது என்று தெரிந்ததும் அவளுக்கு அதில் அக்கறை போய்விட்டது. ஆனாலும் பஞ்சுக் கட்டி கண்ணில் பட்டால் கூப்பிட்டுக் காட்டுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, ஜூன் மாதம். பிடித்த நாலைந்தை எனாமல் பேசினில் கடல்தண்ணீர் ஊற்றி அடுப்படியில் வைத்திருந்தாள். அதில் ஒன்றின் உடல் இடுப்பை இறுக்கிக் கட்டியதுபோல் நடுவில் ஒடுங்கியிருந்தது. செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது அங்கே ஒன்றுக்குப் பதில் இரண்டு. ஒவ்வொன்றும் அரை வட்டம், ஒவ்வொன்றுக்கும் மூன்று கால். இரண்டும் நகர்ந்துகொண்டிருந்தன.

கமலவேணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நீளக்கால், மூன்று குட்டைக்கால்: மூன்று வருடமாக எண்ணி எண்ணி எழுதியதற்கு அர்த்தம் அந்தப் பேசினில் கிடந்தது. பாதியாகப் பிளந்து, இல்லாத பாதியை வளர்த்துக்கொள்கிற பிராணி. குட்டைக்கால்கள் புதியவை.

நல்லையா வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் இழுத்துப் போய்க் காட்டினாள். அவன் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

“ரத்தம் இல்லை, சீழ் இல்லை” என்றான். “எங்கட வார்டில ஒரு விரல் எடுத்தாலே மூண்டு கிழமை.”

அவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

ஆகஸ்ட் மாத அமாவாசைக்கு மறுநாள், லிம்போங்கான் போகும் வழியில் புதிதாக ஒரு காவல் சாவடி போட்டிருந்தார்கள். மீனாச்சியின் கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கமலவேணியின் கூடையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. நோட்டுக்குள் கரையின் படம். பதினான்கு துண்டும் அதில் போட்ட குறிகளும், எந்த நாளில் எத்தனை மணிக்கு நீர் எவ்வளவு தூரம் வற்றியது என்ற விவரமும் இருந்தன.

சிப்பாய் நோட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான்.

அன்று சாயங்காலம் அவள் ஊருக்குள் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு அறையில் இருந்தாள். யார் வீடோ, இப்போது ராணுவப் போலீசிடம் இருந்தது. பக்கத்து அறையிலிருந்து கேட்ட சத்தங்களைப் பற்றி அவள் பிற்பாடு யாரிடமும் பேசியதில்லை. அவளை அடிக்கவில்லை. தண்ணீரும் ஒரு வேளை கிழங்கும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள்.

மேஜைக்குப் பின்னால் ஒரு சார்ஜன்ட். நாற்பது வயதிருக்கும், பல்வலியோ என்னவோ, ஒரு கன்னத்தைப் பிடித்தபடியே இருந்தான். மொழிபெயர்க்கச் சேதுபதி என்றொருவன் வந்திருந்தான். முன்பு ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கிராணி, கணக்கெழுதுபவன். ஜப்பான் மொழியைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டதால் இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். அவன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

“டீச்சர், கப்பல் கரைக்கு வர்ற எடத்த எல்லாம் யாருக்குப் படம் போட்டுக் குடுத்தீங்கன்னு கேக்குறாரு” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “நெசத்தச் சொல்லிடுங்க” என்றான்.

“அது கப்பலுக்கில்லை. ஒரு சின்னப் பிராணி எங்கெங்க கிடைக்குதெண்டு எழுதினது.”

சேதுபதி சொன்னான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பி ஒரு வரியில் விரல் வைத்தான்.

“மணி எல்லாம் பழைய மணியா இருக்காம். வெள்ளக்காரன் மணி. உத்தரவு போட்டு ஒன்றரை வருசம் ஆச்சு, இன்னும் ஏன் பழைய மணியில எழுதுறீங்கன்னு கேக்குறாரு.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் இருந்தது, உண்மையான பதில்.

“நாற்பதாம் ஆண்டில இருந்து எழுதிறன். பாதியில மணியை மாத்தினால் முந்தினதையும் பிந்தினதையும் ஒப்பிட ஏலாது. பள்ளிக்கூடத்துக்குப் புது மணியிலதான் போறன். கடல் நிலாவைப் பார்த்துத்தான் வத்துது, அதுக்கு எந்த மணியும் தெரியாது.”

சேதுபதி கடைசி வாக்கியத்தை மொழிபெயர்த்தானா என்பது அவளுக்குத் தெரியாது. சார்ஜன்ட் கன்னத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் ஏடுகளைப் புரட்டினான். பிறகு ஏதோ கேட்டான்.

“நாளைக்குத் தண்ணி எப்ப வத்தும்னு கேக்குறாரு.”

அவள் விரலில் எண்ணினாள். “புது மணிக்கு மூண்டேகால்.”

மறுநாள் லாரியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று சொல்லவில்லை. லாரி கிளேபாங் கடற்கரைப் பக்கம் திரும்பியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மூன்று மணிக்குக் கரையில் நின்றார்கள். சார்ஜன்ட் ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் ஊன்றினான். இருபது நிமிடத்துக்குத் தண்ணீர் குச்சியைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது, பிறகு நின்றது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

பிறகு நோட்டைத் திறந்து ஒரு துண்டைக் காட்டினான். கமலவேணி எட்டிப் பார்த்தாள். ஒன்பதாம் துண்டு, அவர்கள் நின்ற இடமேதான். ‘இல்லை’ என்று எழுதியிருந்த துண்டு.

சிப்பாய்கள் கல்லைப் புரட்டினார்கள். அவளும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒரு கட்டி, பத்து கட்டி, இருபது கட்டி. நண்டுக் குஞ்சும் புழுவும் வந்தன. ஒரு சிப்பாய் கையை அறுத்துக்கொண்டான். ஒரே ஒரு பச்சைக்கால் எங்காவது எட்டிப் பார்த்தால் நோட்டு முழுவதும் பொய் என்றாகிவிடும். முப்பதாவது கட்டியையும் பிய்த்துப் பார்த்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“இல்லை” என்றாள் சார்ஜன்டைப் பார்த்து. சேதுபதி மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அடுத்ததாக அவன் தொட்டது மூன்றாம் துண்டு, தஞ்சோங் கிளிங் பக்கத்துக் கற்கள். ‘நிறைய’ என்று எழுதியிருந்தது. லாரியில் போய்ச் சேர்வதற்குள் நீர் திரும்பத் தொடங்கிவிட்டது. கணுக்கால் தண்ணீரில் நின்று அவள் பிய்த்த மூன்றாவது கட்டியிலேயே நாலைந்து நெளிந்தன. ஒன்றைக் கால் ஒடியாமல் உள்ளங்கைத் தண்ணீரில் ஏந்தி அவனிடம் நீட்டினாள். அவன் குனிந்து எண்ணினான், உதடுகள் அசைந்தன.

“ரொக்கு” என்றான். ஆறு. அந்த எண்ணை அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

விட்டுவிட்டார்கள். நோட்டையும் படத்தையும் வைத்துக்கொண்டார்கள். இனிக் கரைப் பக்கம் காலை வைத்தால் நடப்பது வேறு என்று சேதுபதி மூலம் சொன்னார்கள். வாசல்வரை வந்த சேதுபதி, “இத்தன பேரு இந்த வாசல்ல உள்ள போயிப் பாத்திருக்கேன் டீச்சர். நடந்து வெளிய வர்றது கொஞ்சப் பேருதான். இனிமே அந்தப் பூச்சி வேணாம் லா” என்றான்.

நோட்டுப் போனதற்கு அவள் அழவில்லை. அது இந்த ஆண்டுக்கான நோட்டு மட்டும்தான். மற்ற மூன்று நோட்டுகளும், காய வைத்துத் தீப்பெட்டிகளில் போட்டு வைத்த மாதிரிகளும் வீட்டில் இருந்தன. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

நல்லையா கதவைத் திறந்தான். மூன்று நாளாக முகம் மழிக்கவில்லை. அவளைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான், அழுதான். அவளும் அழுதாள். மீனாச்சி சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டியபடியே அவள் அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டு காலியாக இருந்தது.

“வீட்டைச் சோதிக்க வருவாங்களெண்டு நினைச்சன்” என்றான் அவன் பின்னாலிருந்து. “அந்த எழுத்தைப் பார்த்தால் உம்மை விடவே மாட்டாங்களெண்டு நினைச்சன், வேணி. அண்டைக்கே அடுப்பில போட்டிட்டன்.”

“பெட்டிகள்?”

“அதுகளும்.”

சோதனை போட யாரும் வரவே இல்லை.

அவன் செய்தது தவறில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் இடத்தில் அவன் அகப்பட்டிருந்தால் அவளும் அதையேதான் செய்திருப்பாள். தெரிந்தும் பதினெட்டு நாள் அவனோடு பேசவில்லை. சமைத்துப் போட்டாள், சட்டை துவைத்தாள், கேட்டதற்குத் தலையசைத்தாள். நினைவிலிருந்து எழுதிப் பார்க்கலாமே என்று பத்தொன்பதாம் நாள் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் வாய் திறந்தாள்.

“நினைவில இருந்து எழுதினால் அது கதை.”

அவ்வளவுதான் சொன்னாள். அவன் அதை மனதில் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரி ஆட்களுக்குச் சைக்கிளில் எங்கும் போய்வர ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார்கள். சுற்றுக் கிராமங்களில் மலேரியாக்காரர்களைப் பார்த்து வருவது நல்லையாவின் வேலைகளில் ஒன்று. அக்டோபர் மாதம் ஒரு நாள், காற்சட்டை முழங்கால்வரை நனைந்து வந்தான். மருந்துப் பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்து அவள் முன் வைத்தான். உள்ளே கால்கள். உடல் இல்லை. வெறும் கால்கள், ஏழோ எட்டோ, தனித்தனியாக.

அவள் சீசாவைத் தூக்கிப் பார்த்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

“புண்ணைக் கழுவிறமாதிரிக் கழுவினீங்களோ?”

“பிடிச்சன். உடைஞ்சிட்டுது.”

“பிடிக்கக் கூடாது. பஞ்சோட கொண்டுவாங்கோ. பேதியுப்புக் கரைச்ச கடல்தண்ணியில வைச்சால் மயங்கிடும், ஒடிக்காது.”

பேதியுப்பு டிரஸ்ஸருக்குத் தெரிந்த சரக்கு. ஆஸ்பத்திரிப் பொருளை எடுக்கமாட்டேன் என்றான். வீட்டில் அரை டப்பா பழையது இருந்தது, அது போதும் என்றாள். அன்றைக்கு ஒரு புதிய நோட்டைத் தைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பழைய காய்ச்சல் படிவங்களின் பின்பக்கங்கள். முன்பக்கத்தில் காய்ச்சல் வரைபடக் கோடுகள். கரையின் படம் போடவில்லை. துண்டுகளுக்கு எண்ணுக்குப் பதில் நோயாளிகளின் பெயர் வைத்தார்கள். தஞ்சோங் கிளிங் ‘அப்பாசாமி’. கடற்சுவர் ‘கலியாணசுந்தரம்’. யாராவது பார்த்தால் வார்டு விவரம் என்று தோன்றும். மணி புது மணியிலேயே இருக்கட்டும் என்று கமலவேணியே சொன்னாள். பழையது ஒன்றும் மிஞ்சாதபோது ஒப்பிட எதுவும் இல்லை.

ஒன்றே முக்கால் வருடம் அப்படி நடந்தது. நல்லையாவுக்குப் பொறுமை அவளைவிட அதிகம் என்பது தெரியவந்தது. முப்பது கட்டிச் சட்டத்தை ஒருநாளும் மீறவில்லை. இருபத்தெட்டில் மழை பிடித்துக்கொண்டால் ‘முடியவில்லை’ என்றே எழுதுவான். அவன் போக முடியாத மாதங்களில் மீனாச்சி சிப்பிக்குப் போய் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி “அடா” என்பாள், இருந்தது. அல்லது “தாடா”, இல்லை. அவள் எத்தனை கட்டி பார்த்தாள் என்று கமலவேணி கேட்பாள். சில நாள் மீனாச்சி கோபித்துக்கொண்டு, தான் சாப்பாட்டுக்குப் போனதாகவும் பஞ்சு எண்ணப் போகவில்லை என்றும் மலாயில் பொரிந்து தள்ளுவாள். அந்த நாள்களின் தகவலைக் கமலவேணி சேர்க்கவில்லை.

கரைக்குப் போகாமல் கமலவேணி அடுப்படியிலேயே எல்லாவற்றையும் பார்த்தாள். அவன் கொண்டுவரும் பஞ்சைப் பிரித்து, கைக்கண்ணாடியில் அடையாளம் பார்த்து, கால்களின் நீளம் அளந்து எழுதினாள். சண்டை முடிந்தபோது பதினான்கு துண்டில் பன்னிரண்டுக்கு விவரம் இருந்தது. நான்கில் இருந்தது, எட்டில் இல்லை. சேற்றுக்கரையில் எங்கும் இல்லை. கல்லும் பஞ்சும் இருந்தும் ஆற்றுத் தண்ணீர் வந்து விழும் பக்கங்களில் இல்லை.

நாற்பத்தாறாம் ஆண்டு, சிங்கப்பூர் அருங்காட்சியகத்துக்குக் காய்ந்த மாதிரிகள் இருபதையும் சுத்தமாக எழுதிய விவரத்தையும் அனுப்பினாள். பத்து மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு தட்டச்சுக் கடிதம் வந்தது. பிராணியின் பெயர் ஒபியாக்டிஸ் சாவினியி. நூறு வருடத்துக்கு முன்பே பெயரிட்டது. உலகத்தின் வெப்பக் கடல்களில் எல்லாம் உள்ளது. பிளந்து பெருகுவதும் தெரிந்த செய்திதான்.

கமலவேணி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். தான் கண்டதை உலகம் எப்போதோ கண்டுவிட்டது என்று நினைத்தபடி, களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். நல்லையா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கடிதத்தைக் கடைசிவரை படித்தான். அவள் இரண்டாம் பத்தியோடு நிறுத்தியிருந்தாள்.

“இதைப் பார்த்தீரோ? இந்தக் கரையில எங்கெங்க இருக்கு, எங்கெங்க இல்லையெண்டு ஒருத்தரும் முந்தி எழுதேல்லையாம். முக்கியமா இல்லையெண்ட இடங்கள் பெறுமதியாம். பதிவில சேர்த்திட்டாங்களாம்.”

அவள் ஈரக்கையோடு வந்து வாங்கிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். அப்போதுதான் கவனித்தாள், கடிதம் ‘திரு. க. நல்லையா அவர்களுக்கு’ என்று தொடங்கியது. அவள் கையெழுத்தில், அவள் பெயரில் போன விவரத்துக்கு அப்படி ஒரு பதில்.

அன்றே பதில் எழுத உட்கார்ந்தாள். மாதிரிகளைத் திரட்டியவர் இருவர் என்றும், இனம் கண்டு எழுதியவர் திருமதி கமலவேணி நல்லையா என்றும், பதிவில் அதைத் திருத்திக்கொள்ளும்படியும் கேட்டாள். எழுதி முடித்து நல்லையாவிடம் நீட்டினாள்.

“மீனாச்சியின்ர பெயரும் போட வேணுமெல்லே” என்றான் அவன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். மூவர் என்று திருத்தி, மீனாச்சியின் பெயரையும் சேர்த்து, தாளை உறையில் போட்டு ஒட்டினாள்.